உலோகத்துக்கு ஒரு தோல்

நவம்பர் 12

பேராசிரியர் பியோவின் காரை இன்றும் நான்தான் கழுவக் கொண்டுபோனேன். அப்பா தேஜோன் நகரம் முழுக்கப் பார்சல் வண்டி ஓட்டுகிறார். முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மகன் பேராசிரியரின் வண்டியை ஓட்டுகிறான். குடும்பத் தொழில்.

இந்த ஆய்வகத்தில் எல்லாமே வரிசைதான். சாப்பாட்டில் யார் முதலில் கரண்டி வைப்பது, லிப்டில் யார் பொத்தானை அமுக்குவது, யார் யாருக்குக் காபி வாங்குவது. பட்டம் வாங்கிய பிறகும் இங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும் வூசொக் அண்ணன், டைட்டானியத்தைக் கார நீரில் ஊறவைக்கும் பிளாஸ்டிக் கிண்ணங்களைக்கூடத் தன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். கேட்டால்தான் கிடைக்கும். கேட்டால், "மின்கு, கீழ போய் ஒரு ஐஸ் காபி வாங்கிட்டு வாடா, அதுக்குள்ள எடுத்து வைக்கிறேன்" என்பார். இரண்டு வருடமாக நான் கேட்பதில்லை. எனக்குக் கண்ணாடிக் குவளை போதும். இந்த ஆய்வகத்தில் நான் செய்த ஒரே புரட்சி அது.

அம்மா போன் செய்தாள். "அப்படி என்னதாண்டா பண்ற அங்க?" என்று நூறாவது முறையாகக் கேட்டாள்.

"உடம்புக்குள்ள வைக்கிற உலோகத்துக்குத் தோல் போர்த்துறேம்மா. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் மெல்லிசா கொழுப்புத் தோல் இருக்கும்ல, அதே மாதிரி. அப்பதான் உடம்பு அதை வெளி ஆளுன்னு நினைக்காது."

"மீனுக்கு மாவு புரட்டுற மாதிரியா?"

"ஆமாம்மா. அதேதான்."

நான்கு வருடப் படிப்பு. மீன் வறுவல்.


நவம்பர் 17

ஒயூனாவுக்கு இந்த மாதமும் சோதனை சரியாக வரவில்லை.

மங்கோலியாவிலிருந்து கொரியாவுக்கு வந்தவள். இங்கே இரண்டாம் வருடம். நான் செய்துகாட்டியதை அவள் தனியாகத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். அப்போதுதான் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்ப முடியும். காசு அளவு டைட்டானியம் வில்லை. அதைக் கார நீரில் ஊறவைத்துக் கழுவி, அதன்மேல் ஒளிரும் கொழுப்புக் குமிழிகள் மிதக்கும் நீரை விட வேண்டும். குமிழிகள் உலோகத்தில் மோதி, உடைந்து, விரிந்து ஒரே தோலாகப் படிய வேண்டும். கண்ணாடியின் மேல் எல்லோருக்கும் படியும். டைட்டானியத்தில் யாருக்கும் லேசில் படிவதில்லை. குமிழிகள் உடையாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். என் வில்லைகளில் படிகிறது. அதனால்தான் பேராசிரியர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

தோலா, வெறும் குமிழியா என்று கண்ணால் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரி பச்சையாக மின்னும். லேசரால் ஓர் இடத்தைச் சுட்டுக் கருக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். தோலாக இருந்தால் சுற்றியுள்ள கொழுப்பு ஓடிவந்து கறுப்புப் புள்ளியை நிரப்பிவிடும். குமிழியாக இருந்தால் புள்ளி புள்ளியாகவே நிற்கும்.

ஒயூனாவின் புள்ளிகள் நிற்கின்றன.

"அண்ணா, ஒரு தடவை நான் செய்யறப்ப பக்கத்துல இருந்து பாக்கறீங்களா?" என்று கேட்டாள். வேலை இருக்கிறது என்றேன். இருந்தது. நாளை மறுநாள் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், செயற்கைப் பல்லுக்கு டைட்டானியத் திருகு செய்பவர்கள்.


நவம்பர் 19, புதன்

கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர். கறுப்புக் கோட்டு. பேராசிரியர் என் படங்களைக் காட்டினார். கறுப்புப் புள்ளி நிரம்பும் காட்சியை மூன்று முறை ஓட்டினார். அவர்களில் மூத்தவர் கேட்டார், "வேற யாராவது செஞ்சாலும் இது வருதா?"

பேராசிரியர் ஒயூனாவைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். பதற்றத்தில் அவளுடைய கொரிய மொழி திக்கியது. "எனக்கு வரலை சார். அண்ணாவோட வில்லையும் என் வில்லையும்... ஒரே மாதிரி இல்லைன்னு தோணுது."

யாரோ சிரித்தார்கள். வூசொக் அண்ணன்தான். "ஒரே தகட்டுல வெட்டினதும்மா ரெண்டும்" என்றார்.

பேராசிரியர் என்னிடம் திரும்பினார். "மின்கு, நீ பாத்தியா அவ செய்யறதை?"

பார்க்கவில்லை. ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

"பாத்தேன் சார். கை சரியில்லை. அவசரப்படுறா."

அவ்வளவுதான். எவ்வளவு சுலபமாக வந்தது! கம்பெனிக்காரர் தலையாட்டினார், ஏதோ கணக்கு தீர்ந்ததுபோல. ஒயூனா உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

ஏன் சொன்னேன்? கட்டுரை போய்விடும் என்ற பயமா? கம்பெனிக்காரன் முன்னால் பேராசிரியர் முகம் சுருங்கும் என்றா? அவர் முகம் சுருங்கினால் எனக்கென்னடா?


நவம்பர் 20

ஒயூனாவை என் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிரிண்டர் பக்கத்து மேசை. பிப்ரவரிக்குள் வேறு ஆய்வகம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம் பேராசிரியர். எந்தப் பேராசிரியரும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் மாணவர் விசா போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மதியம் குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட்டேன்.


நவம்பர் 22

பேராசிரியர் வீட்டில் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். வருடா வருடம் மாணவர்கள் போய் முட்டைக்கோஸ் சுமக்க வேண்டும். கேட்டால், குடும்பம் மாதிரியாம். எந்தக் குடும்பத்தில் மகனுக்குப் பட்டம் கொடுக்க மாட்டேன் என்று மிரட்டுவார்கள்?

ஒயூனாவும் வந்திருந்தாள். வராதே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை போல. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வோர் இலையாக விரித்து மிளகாய் விழுதைத் தடவினாள். பேராசிரியரின் மனைவி அவள் பக்கம் குனிந்து, "அடேயப்பா! எல்லாரும் இந்தப் பொண்ணப் பாருங்க. எவ்வளவு நேர்த்தியான கை! ஓரம்கூட விடாம தடவுறா. மின்கு, நீயும் இருக்கியே, பாதி விழுது தரையில" என்றார்.

பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

வேகவைத்த பன்றிக்கறியை அம்மையார் இலையில் மடித்து ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டிக்கொண்டே வந்தார். என் முறை வந்தபோது வாயைத் திறந்தேன். ஒயூனாவுக்கு அடுத்து நான்தான் நின்றிருந்தேன்.


டிசம்பர் 1

முயல்களின் உடம்பில் வைத்துச் சோதிக்கக் கம்பெனியில் நிறைய வில்லைகள் கேட்டிருக்கிறார்கள். வூசொக் அண்ணன் மாநாட்டுக்கு ஜப்பான் போகிறார். போகும்போது அலமாரிச் சாவியை என் மேசையில் போட்டுவிட்டு, "ராஜா மாதிரி இரு. தொலைச்சே, கொன்னுடுவேன்" என்றார்.

பிளாஸ்டிக் கிண்ணங்கள். வெள்ளை வெளேரென்று, கனமாக, மூடியோடு. பெரிய அளவில் ஊறவைக்க வசதி. எடுத்துக்கொண்டேன்.


டிசம்பர் 4

வரவில்லை.

ஒன்றிலும் வரவில்லை. எல்லா வில்லையிலும் புள்ளி அப்படியே நிற்கிறது.


டிசம்பர் 5

இன்று நான் செய்ததை எழுதத்தான் வேண்டும்.

கொழுப்பு கெட்டுப்போயிருக்கும் என்று புதுப் பாட்டில் திறந்தேன். வரவில்லை. உடனே மனதில் வந்தது எது? அவள் ஏதோ செய்துவிட்டாள் என்பதுதான். பழிவாங்க. பிரிண்டர் பக்கம் போனேன். குரலைத் தாழ்த்தி, பெரிய துப்பறிவாளன் மாதிரி, "என் குளிர்பெட்டியில எதையாவது தொட்டியா?" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"நான் அந்தப் பக்கமே வர்றதில்லண்ணா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கும் வரலையா?" என்றாள். கிண்டல் இல்லை. நோயாளி இன்னொரு நோயாளியைக் கேட்கும் குரல்.

"வந்துச்சு. சும்மா கேட்டேன்."

பொய். பேராசிரியரைத் திட்டித் திட்டியே எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்! அவர்கூட அவளைச் சதிகாரி என்று சொன்னதில்லை. நான் கிட்டத்தட்ட சொல்லிவிட்டேன்.


டிசம்பர் 9

பழைய கண்ணாடிக் குவளையில் ஊறவைத்த வில்லை: புள்ளி நிரம்புகிறது. அழகாக, எப்போதும் போல.

பிளாஸ்டிக்கில் ஊறவைத்தது: நிற்கிறது.

தகடு ஒன்று. கொழுப்பு ஒன்று. கை ஒன்று. என் கை.


டிசம்பர் 11

மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ் கதிர்க் கருவியில் இரண்டையும் வைத்தேன். பிளாஸ்டிக் கிண்ண வில்லையில் டைட்டானியம் மட்டும். கண்ணாடிக் குவளை வில்லையில் டைட்டானியத்தோடு சிலிக்கான், கண்ணாடியில் இருக்கும் தனிமம். கொஞ்சநஞ்சமல்ல, திரையில் தனிக் குன்றாக.

கார நீர் கண்ணாடியைக் கரைக்கும். முதல் வருடப் பையனுக்குத் தெரியும். அதனால்தான் செய்முறையில் பிளாஸ்டிக் கிண்ணம் என்று போட்டிருக்கிறது. அந்தச் செய்முறையைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். பழையதிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, செய்யும்போது குவளையில் செய்தேன். வூசொக்கிடம் போய் நிற்கக்கூடாது என்பதற்காக. குவளை கரைந்து, வில்லையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடிப் பூச்சாகப் படிந்திருக்கிறது. என் கொழுப்புத் தோல் அந்தக் கண்ணாடியின் மேல்தான் படிந்தது. டைட்டானியத்தில் இல்லை. ஒரு நாளும் இல்லை.

ஒயூனா ஒவ்வொரு முறையும் ஐஸ் காபி வாங்கிக்கொடுத்து, கிண்ணம் வாங்கி, எழுதியிருந்தபடியே செய்திருக்கிறாள். சரியாகச் செய்ததால் அவளுக்கு வரவில்லை.

இரண்டு வில்லையும் ஒரே மாதிரி இல்லை என்று அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னாளே.


டிசம்பர் 12

பேராசிரியரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, பிறகு சிரித்தார்.

"டேய், இது இன்னும் நல்லதுடா. டைட்டானியத்து மேல மெல்லிசா கண்ணாடிப் பூச்சு, அதுக்கு மேல செல் தோல். அப்படியே திருப்பி எழுது. தெரிஞ்சே பண்ணின மாதிரி எழுது."

"சார், ஒயூனா... அவ செஞ்சது சரி. அவளைத் திருப்பிக் கூப்பிடலாமா?"

"அது வேற விஷயம்." முகம் மாறிவிட்டது. "ஒரு தடவை முடிவு பண்ணியாச்சு. கம்பெனி முன்னால ஒண்ணு சொல்லிட்டு இப்ப மாத்துனா என்னாகும்? நீதானே சொன்னே?"

நான்தானே சொன்னேன்.

தலையாட்டிவிட்டு வந்தேன். இடுப்பை வளைத்து வணக்கம் வேறு.


டிசம்பர் 18

வருடக் கடைசி விருந்து. கரி அடுப்பில் மாட்டுக்கறி. பேராசிரியர் தன் கையால் எனக்கு சோஜு மது ஊற்றினார். இரண்டு கையாலும் கோப்பையை ஏந்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் குடித்தேன். நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்.

வூசொக் என் தோளில் கை போட்டார். மூச்சில் பூண்டு. "கிண்ணம் கேக்கச் சோம்பேறித்தனம், அதுல கண்டுபிடிப்பு! உனக்கு அதிர்ஷ்டம் எங்கெங்க ஒட்டியிருக்குடா? நானும் நாளைலேர்ந்து குவளையிலதான் எல்லாம் செய்யப்போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஒயூனா மேசையின் கோடியில் கறியைத் திருப்பிப்போட்டுக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்தவர்கள் செய்யும் வேலை. வெந்த துண்டுகளை எங்கள் பக்கம் தள்ளினாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. சிலிக்கான் பற்றிக்கூட.

நானும் சொல்லவில்லை.


டிசம்பர் 26

மாடிப்படியில் ஒயூனாவைப் பார்த்தேன். கேட்க எனக்கு என்ன உரிமை? இருந்தாலும் கேட்டேன், வேறு இடம் கிடைத்ததா என்று.

"மூணு பேர்கிட்ட கேட்டேண்ணா. முதல்ல எல்லாரும் சரிங்கறாங்க. அப்புறம் நம்ம சார்கிட்ட போன் பண்ணிக் கேக்கறாங்க. அப்புறம் இடமில்லங்கறாங்க."

"சார் என்ன சொல்றாராம்?"

"கை சரியில்லைன்னு."

என் வார்த்தை. ஓர் எழுத்து மாறாமல். வாயிலிருந்து வந்த மூன்றே விநாடி, இப்போது கட்டிடம் கட்டிடமாக அவளுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருக்கிறது. அவள் கதவைத் தட்டுமுன் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

"அம்மாகிட்ட இன்னும் சொல்லலை" என்றாள். பிறகு சிரிக்க முயன்றாள். "பல் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு புரொபசர் இருக்காங்க, கம் மேடம். அவங்ககிட்ட இன்னும் கேக்கலை. கேட்டா அதுவும் போயிடும்ல. அதான் கேக்காம வெச்சிருக்கேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "குளிருது, ஸ்கார்ப் போட்டுக்கோ" என்றேன். ஸ்கார்ப்!


ஜனவரி 3

பேராசிரியரிடம் மறுபடி கேட்கலாமா? கேட்டால் மறுபடி அதே பதில்தான். என் பட்டம் அவர் கையெழுத்தில் தொங்குகிறது. இந்த வாரம் முழுக்க நான் பணக்காரர்களையும் கம்பெனிகளையும் இந்த நாட்டையும் திட்டிக்கொண்டு திரிகிறேன். அதற்கெல்லாம் வாய் நன்றாகத் திறக்கிறது.


ஜனவரி 14

சொல்லிவிட்டேன்.

துறையின் வருடாந்தரக் கூட்டம். எல்லா ஆய்வகங்களும் வரும். பெரிய அரங்கு. வேலை என்னுடையது என்பதால் நான்தான் பேச வேண்டும். பேராசிரியர் திருத்திக் கொடுத்த படங்கள். "திட்டமிட்டுப் பூசிய கண்ணாடிப் படலம்" என்று பெரிய எழுத்தில். முதல் படம் வரை ஒழுங்காகப் போனது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி கையைத் தூக்கினார். குட்டை முடி, மடியில் கோட்டு. கம் மேடம் அவர்தான் என்று பெயர்ப்பட்டையில் பார்த்தேன். "கண்ணாடிப் பூச்சு இல்லாத டைட்டானியத்துல என்ன ஆகுது? அதைச் செஞ்சு பாத்தீங்களா?"

பேராசிரியர் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை.

"செஞ்சோம் மேடம். நான் செய்யலை, ஒயூனா செஞ்சா. மூணு மாசம் செஞ்சா. வரலைன்னு சொன்னா. அதுதான் சரி. பூச்சு திட்டமிட்டது இல்ல. நான் கண்ணாடிக் குவளையில ஊறவெச்சேன், அது கரைஞ்சு ஒட்டிக்கிச்சு. எனக்கே தெரியாது. அவ கை சரியில்லைன்னு நான் சொன்னேன். அவ செய்யறதை நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. பாக்காமலே சொன்னேன்."

அரங்கில் யாரோ இருமினார்கள். ஒலிபெருக்கி லேசாக அலறியது. நான் படத்தை அடுத்ததுக்கு மாற்றினேன், அதில் என்ன இருந்தது என்று நினைவில்லை. தைரியம் என்று யாராவது நினைத்திருந்தால் தப்பு. இரண்டு மாதம் தாமதம், அவள் பெயரைச் சொல்ல இத்தனை பேர் தேவைப்பட்டார்கள்.

ஒயூனா பின்வரிசையில் இருந்தாள். முகம் இறுகியிருந்தது. சந்தோஷம் இல்லை. அவளைக் கேட்காமல் அவளை மறுபடியும் எல்லோர் முன்னாலும் நிறுத்திவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.


ஜனவரி 15

பேராசிரியர் கத்தவில்லை. "நீ ரொம்ப நல்லவன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. எனக்கு என்ன பேர் வந்துச்சுன்னு யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகுக்கு வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மதியம் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கடையில் ஒரு கிம்பாப் சோற்றுச் சுருள் வாங்கி நின்றபடியே தின்றேன்.


ஜனவரி 21

கம் மேடம் ஒயூனாவைச் சேர்த்துக்கொண்டார். பேராசிரியரோடு பேசி ஏதோ உடன்பாடு. கண்ணாடிப் பூச்சு வேலை இனி இரண்டு ஆய்வகத்துக்கும் பொது.

அவள் பெட்டி கட்ட வந்தாள். நான் மன்னிப்புக் கேட்கப் பாடம் செய்து வைத்திருந்தேன். தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது வேணாம். கேட்டா நான் பரவாயில்லன்னு சொல்லணும். எனக்குப் பரவாயில்லன்னு சொல்ல இஷ்டமில்ல."

"சரி."

"எனக்கு வேற ஒண்ணு வேணும். குவளையில, கிண்ணத்துல, ரெண்டுலயும் செஞ்சது மொத்தம். உங்க படம், அளவு, எல்லாம். அது என் ஆய்வு. நான்தான் முதல்ல சொன்னேன், ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு."

என் இரண்டு வருடம் அது. என் பட்டத்தின் பாதி.

"சார் ஒத்துக்குவாரா?" என்றேன். எவ்வளவு கேவலமான கேள்வி! அவர் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறேன்.

"கம் மேடம் பேசிட்டாங்க. நீங்க ஒத்துக்கறீங்களான்னுதான் கேக்கறேன்."

சரி என்றேன். பெட்டியைத் தூக்க உதவப் போனேன். "நானே தூக்கிப்பேன்" என்றாள். கனமான பெட்டி. தூக்கிக்கொண்டு போனாள்.


பிப்ரவரி 10

கோபால்ட் உலோகத்தில் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். எதுவும் படியவில்லை. பட்டம் ஒரு வருடமாவது தள்ளிப்போகும். அம்மாவிடம் சொன்னேன். "ஏன், மாவு ஒட்டலையா?" என்றாள். ஒட்டவில்லை என்றேன்.


மார்ச் 11

கட்டுரை இன்று போகிறது. கடைசி வடிவத்தை ஒயூனா எனக்கு அனுப்பினாள், ஒரே வரியோடு: "மூணாவது படத்துல எழுத்து சின்னதா இருக்கு, பெருசாக்கி அனுப்புங்க." தயவுசெய்து என்றில்லை, அண்ணா என்றில்லை. இருக்க வேண்டியதும் இல்லை.

கோப்பைத் திறந்தால் தலைப்புக்குக் கீழே முதல் பெயர் அவளுடையது. என்னுடையது மூன்றாவது.

நியாயம்தான். யார் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வேன். ஆனால் பார்த்ததும் வயிறு எரிந்தது. குமிழி செய்யக் கற்றது நான். முதன்முதலில் புள்ளி நிரம்பியதைப் பார்த்து இருட்டறையில் தனியாகக் கத்தியது நான். குவளை என்னுடையது, தப்பு என்னுடையது. தப்புக்கூட என்னுடையதுதானே என்று, ஒரு திருடனைப் போல வாதாடிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். சொன்னதோடு வெட்கம் கழுவிப்போய்விடும் என்று. போகவில்லை. கீழே புதிதாக இன்னொன்று முளைத்திருக்கிறது.

பெயர் வரிசையின் மேல் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

பிறகு மூன்றாவது படத்துக்குப் போய், எழுத்தைப் பெரிதாக்கி, அவளுக்கு அனுப்பினேன்.